தரவுத்தள மென்பொருளில் புதிய வசதிக்குப் பெயர் வைப்பது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனம். ஒருநாள் இரவு அவர்களுடைய சர்வரில் வட்டு நிரம்பிவிட்டது. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர், இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடியிருக்கிறார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கோப்புறைக்குள் பிஜி_எக்ஸ்லாக் என்று ஒன்று இருந்தது. லாக் என்றால் பதிவுக் கோப்புதானே, பழையதை அழித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அழித்துவிட்டார். காலையில் காட்பாடியிலிருந்த எங்களுக்கு அழைப்பு வந்தபோது தரவுத்தளம் எழுந்திருக்கவே மறுத்துக்கொண்டிருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கோப்புறையில் இருந்தது வேடிக்கை பார்க்கும் பதிவு இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் அட்டவணையில் எழுதுவதற்கு முன்பே தரவுத்தளம் அங்கேதான் குறித்துவைக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் அதைப் படித்துத்தான் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. பக்கத்திலிருந்த பிஜி_கிளாக், எந்தப் பரிவர்த்தனை முடிந்தது, எது முடியவில்லை என்ற கணக்கு. இரண்டின் பெயரிலும் 'லாக்' ஒட்டிக்கொண்டிருந்ததால் பல இடங்களில் பலர் இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கடைசியில் 2017 அக்டோபரில் வந்த 10ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் குழுவினர் அவற்றை பிஜி_வால், பிஜி_எக்ஸாக்ட் என்று மாற்றினார்கள். தமிழ் காதுக்கு 'வால்' இன்னும் நல்லது. வாலை வெட்டக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி தரவுத்தள மென்பொருளையோ அதற்கான கூடுதல் வசதியையோ எழுதுகிறவர்களுக்கு. என் குழு சிறியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காக போஸ்ட்கிரெஸுக்கு மேல் சில வசதிகளைக் கட்டித் தருகிறோம். பெயர் வைக்கும்போது நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கையேட்டைத் திறக்காத ஒருவர், இரவு 11 மணிக்கு, பெயரை மட்டும் நம்பி என்ன செய்துவிடுவார்?

படி 1: பெயருக்கு முன் ஒரு வாக்கியம்

பெயர் யோசிக்க உட்காராதீர்கள். முதலில் அந்த வசதி செய்வதை, தொழில்நுட்பச் சொல் கலக்காமல், ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியம் வரவில்லை என்றால் வசதியே இன்னும் முழுதாக வடிவெடுக்கவில்லை. இரண்டு வாக்கியம் வந்தால் பெரும்பாலும் அவை இரண்டு வசதிகள்.

எங்கள் உதாரணத்தையே கடைசிவரை கூட எடுத்துச் செல்கிறேன். வாக்கியம் இது: "180 நாட்களாக யாரும் தொடாத வரிசைகளை வேகமான வட்டிலிருந்து மலிவான, மெதுவான வட்டுக்கு மாற்றும், வினவல் கேட்டால் அவை வழக்கம்போல வரும், ஆனால் தாமதமாக வரும்."

குழுவுக்குள் இதை நாங்கள் 'பரண்' என்று கூப்பிட்டோம். பழைய அண்டாவைப் பரணில் போடுவது போலத்தானே! உள்ளுக்குள் செல்லப்பெயர் இருப்பதில் தவறில்லை. அது பிழைச் செய்தியிலும் அமைப்புகளை (செட்டிங்) எழுதும் கோப்பிலும் கசிந்து வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கசிந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

செல்லப்பெயரைப் போலவே, உள்ளே அது இயங்கும் முறையும் பெயருக்கு ஆபத்தானது. போஸ்ட்கிரெஸ் 9.5இல் வந்த பிரின் என்ற இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டுப்பட்டியல்) வகை, உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் மின்மேக்ஸ் என்று அழைக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதிக்கும் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு இரண்டையும் குறித்துவைக்கும் என்பதால் அந்தப் பெயர். பிறகுதான், அதே அமைப்பில் வேறு வகைச் சுருக்கங்களையும் வைக்கலாம் என்பது தெளிவாகி, தொகுதி வரம்பு என்ற பொருள்படும் பெயருக்கு மாறியது. வெளியிடுவதற்கு முன்பே மாற்றியது அவர்கள் புத்திசாலித்தனம்.

படி 2: அந்தச் சொல்லில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள்?

எங்கள் பட்டியலில் முதலில் வந்த பெயர் ஃப்ரீஸ். அழகான சொல். ஆனால் போஸ்ட்கிரெஸில் அதற்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு: பரிவர்த்தனை எண்கள் சுழன்று திரும்பும்போது பழைய வரிசைகள் காணாமல் போகாதபடி முத்திரையிடும் வேலை. அடுத்தது ஆர்க்கைவ். அதுவும் மாற்றப் பதிவுகளைச் சேமித்துவைக்கும் அமைப்புகளின் பெயரில் குடியேறிவிட்டது. அடித்தோம்.

உங்கள் மென்பொருளை மட்டும் தேடினால் போதாது. அண்டை வீட்டையும் தேடுங்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் டைம்ஸ்டாம்ப் என்ற தரவு வகை நெடுங்காலமாக இருந்தது. பெயரைப் படித்தவர்கள் நேரம் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்ததோ, வரிசை மாறும்போதெல்லாம் ஏறும் 8 பைட் எண். அதிலிருந்து நாளையோ மணியையோ எடுக்க முடியாது. எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியின் தரநிலையிலோ அதே சொல்லுக்கு நாளும் நேரமும் சேர்ந்தது என்று பொருள். இப்போது ரோவெர்ஷன் என்ற சரியான பெயர் இருக்கிறது. பழைய பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இதைவிட நுட்பமான ஆபத்து, பெயர் தரநிலையிலிருந்தே வந்து, செயல் அதற்குக் குறைவாக இருப்பது. போஸ்ட்கிரெஸில் 2011இல் வந்த 9.1 பதிப்புக்கு முன், சீரியலைசபிள் தனிமை நிலை (ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போலவே முடியும் என்ற உறுதி) கேட்டால் கிடைத்தது அதைவிடத் தளர்வான ஒன்று. 9.1இல்தான் பெயருக்கேற்ற பொருள் வந்தது. பழைய நடத்தை ரிப்பீட்டபிள் ரீட் என்ற பெயரில் தொடர்ந்தது. பெரிய பெயரை எடுத்துக்கொண்டால் அதற்குரிய உழைப்பையும் கொடுக்க வேண்டும்.

வணிகக் குறியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 1970களில் ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய சீக்வெல் என்ற மொழி, பிரிட்டிஷ் விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று அந்தச் சொல்லைப் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் எஸ்கியூஎல் ஆயிற்று. இன்றும் பாதிப்பேர் பழைய உச்சரிப்பை விடவில்லை.

படி 3: பெயர் சொல்லும் பொய்யைக் கண்டுபிடியுங்கள்

இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைத் தாண்டிவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (பட்டியல் இன்னும் நீளும்; மீதியைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.) கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றுக்குத்தான் இன்னும் வழக்கு முடியவில்லை. பெயர் ஒன்றை வாக்களித்து, உள்ளே போனால் அது இல்லை என்பது ஆற்றுக்கும் நடக்கும், அமைப்புக்கும் நடக்கும்.

போஸ்ட்கிரெஸில் எனேபிள்_சீக்ஸ்கேன் என்ற அமைப்பைப் பாருங்கள். அதை ஆஃப் செய்தால் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் வழி அடைபட்டுவிடும் என்றுதான் பெயர் சொல்கிறது. உண்மையில் அந்த வழியைத் தவிர்க்கப் பார்க்கும். வேறு வழி இல்லையென்றால் அதிலேயே போகும். தடை என்று பெயர், உள்ளே இருப்பது தயக்கம்.

வேக்கம் ஃபுல் இன்னும் மோசம். சாதாரண வேக்கம், அழிந்த வரிசைகளின் இடத்தை மறுபடி பயன்படுத்தத் தயார்செய்யும். அது ஓடும்போது மற்றவர்கள் வேலை பார்க்கலாம். வேக்கம் ஃபுல் அட்டவணையை முழுதாகப் புதிய கோப்பில் திருப்பி எழுதும். முடியும்வரை அந்த அட்டவணையை யாரும் படிக்கக்கூட முடியாது. திருப்பி எழுதக் கூடுதல் இடமும் வேண்டும். ஆனால் 'ஃபுல்' என்ற சொல் என்ன சொல்கிறது? இன்னும் நன்றாகக் கூட்டிப் பெருக்கும் என்று. அதனால்தான் வட்டு நிரம்பிய நாளில், பட்டப்பகலில், பில் போடும் வரிசை நீண்டிருக்கும்போது அதை ஓடவிடுகிறார்கள். கொடுக்க வேண்டிய விலையைப் பெயர் மறைத்துவிட்டது.

நேர்மாறாக, கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி. நீளமான, நாக்கில் சிக்கும் சொல். இருந்தாலும், மற்ற எழுத்துகளை நிறுத்தாமல் பக்கத்திலேயே நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. எஸ்கியூஎல் லைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் வித்தவுட் ரோஐடி என்று ஒன்று உண்டு: வரிசைக்குத் தானாகச் சேரும் ரோஐடி எண் இல்லாத அட்டவணை. இல்லாததையே பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்களில் ஒன்று அது.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இந்தப் பெயரைப் படிப்பவர் எதைப் பாதுகாப்பானது என்று நம்புவார்? அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன போகும்? எங்களுக்கு வந்தது இப்படி:

ஆர்க்கைவ்: வினவலில் இனி வராது என்று நம்புவார். நகல் ஒன்று தனியே இருக்கிறது, மூலத்தை அழிக்கலாம் என்றும் நம்புவார். போவது தரவு.

கோல்ட் ஸ்டோரேஜ்: எடுக்க மணிக்கணக்காகும் என்று நினைத்துத் தொடவே மாட்டார். போவது ஒன்றுமில்லை, வசதி வீண்.

ஸ்மார்ட் டியரிங்: எதையும் நம்ப மாட்டார், ஏனென்றால் எதுவும் புரியாது.

ஸ்லோ ஸ்டோரேஜ்: மெதுவாக வரும் என்று நம்புவார். அது உண்மை.

விற்பனை பார்க்கும் நண்பர் கடைசிப் பெயரைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "மெதுவானது என்று சொல்லி யாராவது பொருள் விற்பார்களா?" என்றார். நியாயமான கேள்வி. விளம்பரத் தாளில் அவர் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கட்டளையிலும் அமைப்பிலும் பிழைச் செய்தியிலும் ஸ்லோதான் என்று முடிவாயிற்று. இந்த உடன்பாட்டுக்கு இரண்டு கூட்டமும் ஆறு டீயும் செலவாயின.

படி 4: தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயரிடல் அறிவுரைகளில் இந்தப் படி இருக்காது. நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தில் தெளிவாகப் பிரியும் சொற்கள் தமிழ் வாயிலும் தமிழ் எழுத்திலும் ஒன்றாகிவிடுகின்றன. லாக் என்றால் பூட்டா, பதிவா? "டேபிளில் லாக் இருக்கிறது" என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் சொன்னால், நான் இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான் எது என்று தெரியும். பேட்ச் என்றால் மொத்தமாகச் செய்வதா, ஒட்டுப்போடுவதா? பழைய பிஜி_கிளாக்கைப் பலர் கடிகாரம் என்றே நினைத்திருந்தார்கள்.

உச்சம் ஒரு மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் நடந்தது. கணினி தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் தரவுக்கும் கேஷ் என்றுதான் பெயர், கையிலிருக்கும் பணத்துக்கும் கேஷ்தான். "கேஷை காலி செய்துவிட்டு மறுபடி பாருங்கள்" என்று எங்கள் பையன் தொலைபேசியில் சொல்ல, அந்தப் பக்கம் நீண்ட அமைதி. பிறகு அந்த அம்மா, "தம்பி, அதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும்" என்றார்.

ஆகவே, பெயரை ஒருவர் தொலைபேசியில் சொல்லட்டும், மற்றவர் எழுதட்டும். தவறாக எழுதினால் பெயரை மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் பிரித்துக்காட்டும் ஒரு சொல்லைச் சேருங்கள். ஸ்லோ தேறியது.

படி 5: அமைப்புகளின் பெயர்

இதில் சொல்ல நிறைய இல்லை, ஆனால் தவறுபவர்கள் நிறைய.

எதிர்மறைப் பெயர் வேண்டாம். 'டிசேபிள்' என்று தொடங்கும் அமைப்புக்கு ஆஃப் என்று மதிப்புக் கொடுத்தால், இல்லாததை இல்லையென்றால் இருக்கிறதா என்று இரவு 11 மணிக்கு யோசிக்க வேண்டும்.

அளவைப் பெயரிலேயே சொல்லுங்கள். மை எஸ்கியூஎல்லில் லாங்_குவெரி_டைம் நொடியில் இருக்கிறது, மேக்ஸ்_எக்ஸிகியூஷன்_டைம் மில்லிநொடியில். இரண்டும் 'டைம்' என்றே முடிகின்றன. போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் அமைப்புக்கு வெறும் 30 என்று எழுதினால் 30 மில்லிநொடி. நல்ல வேளையாக எண்ணோடு அளவைச் சேர்த்தும் எழுத முடிகிறது. எங்கள் அமைப்பின் பெயர் ஸ்லோ_ஸ்டோரேஜ்_ஆஃப்டர்_டேஸ். நீளம்தான், கேள்வியே வராது.

படி 6: புதிய கட்டளைச் சொல் பழைய வீட்டை இடிக்கிறதா?

வினவல் மொழியின் இலக்கணத்தில் ஒரு சொல்லை ஒதுக்கப்பட்ட சொல்லாக்கினால், அதே பெயரில் அட்டவணையோ நெடுவரிசையோ வைத்திருப்பவர்களின் பழைய நிரல் உடைந்துவிடும். மை எஸ்கியூஎல் 8.0இல் ரேங்க், குரூப்ஸ் இரண்டும் அப்படி ஒதுக்கப்பட்டன. நம் ஊரில் மதிப்பெண் பட்டியல் எழுதிய எந்தப் பள்ளி மென்பொருளில் ரேங்க் என்ற நெடுவரிசை இல்லை? மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கில் அட்டவணைக்கு குரூப்ஸ் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்?

வாடிக்கையாளர்களின் அட்டவணைப் பெயர்களையும் நெடுவரிசைப் பெயர்களையும் ஒரு கோப்பில் திரட்டி, வேட்பாளர் சொல்லை அதில் தேடுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி_கெட்_கீவேர்ட்ஸ் என்ற செயற்கூறை அழைத்தால் எந்தச் சொல் எந்த அளவுக்கு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலே கிடைக்கும். முடிந்தால் புதிய சொல்லே வேண்டாம், இருக்கும் சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வசதி தானாகவே பெயர்களை உண்டாக்கும் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் எல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'ஆற்காடு' என்பதில் புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் சேர்ந்து 7 குறிகள், ஆக 21 பைட். மூன்று ஆற்காட்டோடு இடம் முடிந்துவிடும். நான்காவது வெட்டப்படும். தமிழில் அட்டவணைப் பெயர் வைத்திருக்கும் வாடிக்கையாளர் எங்களுக்கு ஒருவர் இருக்கிறார். நாங்கள் பின்னொட்டாகச் சேர்த்த ஸ்லோ_2023_01, ஸ்லோ_2023_02 எல்லாமே அவரிடத்தில் வெட்டுப்பட்டு ஒரே பெயராகி மோதிக்கொண்டன. அன்றிலிருந்து பின்னொட்டு இல்லை, முன்னொட்டுதான்.

படி 7: 'புதிய' என்று வைக்காதீர்கள், எண்ணையும் ஒட்டாதீர்கள்

வேலூரில் புதிய பஸ் நிலையம் என்று ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதையே இடித்துப் புதிதாகக் கட்டியபோது, புதிய பஸ் நிலையத்தின் புதிய கட்டடம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மென்பொருளிலும் இதேதான். ஆரக்கிள் தரவுத்தளத்தில் எழுத்துகளை வைக்க வார்கார்2 என்று ஒரு தரவு வகை, புதிதாகப் படிக்க வருகிறவர் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்பது, "1 எங்கே?"

இதன் மிகப் பெரிய பலி மை எஸ்கியூஎல்லின் யூடிஎஃப்8, அதாவது யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. அந்தப் பெயரில் இருந்தது ஓர் எழுத்துக்கு 3 பைட்வரை மட்டுமே ஏற்கும் அரைகுறை வடிவம். முழு வடிவம் 2010இல் 5.5.3 பதிப்பில் யூடிஎஃப்8எம்பி4 என்ற பெயரில் வந்தது; சரியான பெயரில்தான் ஏற்கெனவே அரைகுறை உட்கார்ந்திருக்கிறதே. நம் தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் பலருக்குப் பிரச்சினை தெரியவே இல்லை. ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் ஆர்டர் செயலியில், பிரியாணி பிடித்தவர்கள் 4 பைட் கேட்கும் சிரிப்புப் பொம்மை போட்டு எழுதிய பாராட்டு எல்லாம் பிழையாகித் திரும்பியது. திட்டி எழுதியவர்கள் பொம்மை போடாததால் அவை மட்டும் பத்திரமாகச் சேர்ந்தன. கடைக்காரர் ஒரு மாதம் தூங்கவில்லை. பழைய நில ஆவணங்களில் வரும் முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கும் இதே கதி: 2019இல் யூனிகோட் 12இல் இடம்பெற்ற அவை ஒவ்வொன்றும் 4 பைட்.

படி 8: ஐந்து பேரிடம் காட்டுங்கள்

குழுவுக்கு வெளியே ஐந்து பேர். விளக்கம் தராமல் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இது என்ன செய்யும், எப்போது ஓடவிடப் பயப்படுவீர்கள் என்ற இரண்டு கேள்வி போதும். 'பெயர் பிடித்திருக்கிறதா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அதே ஐந்து பேரிடம், இந்த வேலை வேண்டுமென்றால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீர்கள் என்றும் கேளுங்கள். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர் 'வேலூர்' என்றுதான் ரயில் தேடுவார்; தொலைதூர ரயில்கள் நிற்பதோ காட்பாடி. நிலையத்தின் பெயரை மாற்ற வேண்டியதில்லை, வேலூர் என்று தேடினால் காட்பாடி வந்தால் போதும். எங்கள் ஐந்து பேரில் மூவர் ஆர்க்கைவ் என்று தேடுவோம் என்றார்கள். ஆகவே கையேட்டின் சொல்லடைவில் ஆர்க்கைவ் என்ற சொல் இருக்கிறது, அதற்கு எதிரே 'ஸ்லோ ஸ்டோரேஜ் பார்க்க. இது நகல் எடுக்காது' என்று இருக்கிறது.

படி 9: மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பகுதிக்கு அம்பேத்கர் பெயர் சேர்ந்தது, பிறகு அது வேலூர் மாவட்டமாயிற்று. 2019இல் அதுவும் மூன்றானது. ஆற்காடு ஊரே இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் என் தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு என்றுதான் இருக்கிறது, அந்தப் பத்திரம் இன்றும் செல்லும். பழைய பெயரில் எழுதியது செல்லாது என்று ஒரே இரவில் அறிவித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் 9.6இல், மாற்றப் பதிவில் எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்லும் வால்_லெவல் அமைப்பின் ஆர்க்கைவ், ஹாட்_ஸ்டாண்ட்பை என்ற இரண்டு மதிப்புகளை ரெப்ளிகா என்ற ஒன்றாக்கினார்கள். பழைய மதிப்பை எழுதினாலும் ஏற்றுக்கொண்டு புதியதாகவே கொள்ளும். மை எஸ்கியூஎல்லில், நகல் சர்வரின் நிலையைக் காட்டும் ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ் என்ற கட்டளைக்குப் பதில் 8.0.22 பதிப்பில் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் வந்தது. இரண்டும் சில காலம் சேர்ந்து ஓடி, 8.4இல்தான் பழையதை எடுத்தார்கள். நீங்களும் அப்படியே: புதியதைச் சேருங்கள், பழையதைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை காட்டுங்கள், எந்தப் பதிப்பில் நீக்குவோம் என்பதை எச்சரிக்கையிலேயே எழுதுங்கள்.

பழைய சொல்லை வேறு பொருளில் மறுபடி பயன்படுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். உடைந்த நிரல் கத்தும், சரிசெய்துவிடலாம். பொருள் மாறிய நிரல் கத்தாது.

பரணுக்கு வருகிறேன். எவ்வளவோ கவனமாக இருந்தும் ஒரு பிழைச் செய்தியில் அந்தச் சொல் தங்கிவிட்டது. குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை, பரண் என்றதும் எல்லாம் புரிந்திருந்தது. "சார், பரணில் ஏற்றியதைத் தீபாவளிக்கு முன்னால் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா? போன வருஷக் கணக்கை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்" என்றார்.

ஏற்றுவதற்கு ஒரு பெயர் தேட இரண்டு மாதம் செலவழித்த நாங்கள், இறக்குவதற்குக் கட்டளையே எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கான தாளில் முதல் வாக்கியம் தயார், பெயர் இன்னும் காலி.